அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிற ஒரு பிட்

லினக்ஸ் கெர்னல் நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து ஆள்கிறது. பெரும்பாலான மெஷின்களில் ஒரு பக்கம் 4,096 பைட். ஒவ்வொரு பக்கத்தைப் பற்றியும் கெர்னல் ஒரு சின்னக் குறிப்பு வைத்திருக்கிறது. யாராவது பூட்டியிருக்கிறார்களா, டிஸ்க்குக்கு எழுதவேண்டியது பாக்கியிருக்கிறதா, அண்மையில் யாராவது தொட்டார்களா என்று ஒவ்வொரு கேள்விக்கும் அதில் ஒரு பிட். இந்த வரிசையில் பிஜி_ஆர்ச்_1 என்று ஒரு பிட் உண்டு. அதற்கு என்ன பொருள் என்று கெர்னலின் பொதுப் பகுதியில் எங்கேயும் சொல்லியிருக்காது. அந்தந்த புராசஸர் குடும்பம் தன் வசதிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

இந்த ஒற்றை பிட்டுக்குத் தெளிவான ஒரு பிறந்த கதை இருக்கிறது. இடையில் அதன் அர்த்தம் ஒருமுறை தலைகீழாகவும் புரண்டிருக்கிறது. அமெரிக்காவில் பிறந்து, இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் வழியாகப் போய், சென்னை ஐஐடி வளாகத்தில் வடிவமைத்த சிப்பில் ஓடும் கெர்னல் வரைக்கும் வந்து சேர்ந்தது. கதை புரிய முதலில் கேஷ் புரியவேண்டும். கேஷ் புரிய ஏற்காட்டில் காபிப் பழம் எடை போடுவதைப் பார்த்தால் போதும்.

ஏற்காட்டுக்குக் காபி வந்து ஏறக்குறைய இருநூறு வருடம் ஆகிறது. சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் கொண்டுவந்து நட்டது. சேர்வராயன் மலைத் தோட்டத்தில் பழம் பறிக்கும் மாதத்தில் சாயங்காலம் எடை போடும் இடம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். யார் எத்தனை கிலோ, எந்தக் காட்டுப் பழம் என்று மேஸ்திரி தன் கைநோட்டில் குறித்துக்கொள்கிறார். பேரேடு மேட்டில் ஆபீசில் இருக்கிறது. ஒவ்வொரு கூடைக்கும் மேடேறிப் போய் எழுதிவிட்டு இறங்கினால் ராத்திரி ஆகிவிடும். அதனால் கைநோட்டில் இருப்பதுதான் புதுக்கணக்கு. பேரேடு எப்போதும் ஒரு எட்டு பின்னால்தான். மேஸ்திரி ஒருவரே எழுதி, அவரே படிக்கும்வரை யாருக்கும் நஷ்டமில்லை.

நஷ்டம் மூன்று வழியில் வரும். சேலத்திலிருந்து ஒருவர் வந்து மேஸ்திரியிடம் கேட்காமல் நேரே பேரேட்டைப் பார்த்து லாரிக்குச் சரக்கு எழுதினால், இன்றைய எடை அதில் இருக்காது. இரண்டாவது, ஆபீசில் பேரேட்டிலேயே கூலி விகிதத்தைத் திருத்திவிட்டு மேஸ்திரிக்குச் சொல்லாவிட்டால், அவர் கைநோட்டில் உள்ள பழைய விகிதத்தையே வைத்துக் கணக்குப் போடுவார். மூன்றாவதுதான் விஷமம் பிடித்தது. ஒரே துண்டுக் காட்டை ஒருவர் மேல்காடு என்றும் இன்னொருவர் பாறைக்காடு என்றும் சொல்ல, மேஸ்திரி இரண்டு பெயருக்கும் கைநோட்டில் தனித்தனிப் பக்கம் போட்டுவிட்டார். ஒன்றில் கூட்டிய எடை மற்றதில் தெரியாது. பேரேட்டில் எது கடைசியாக ஏறுகிறதோ அது முந்தியதை அழிக்கும். அங்கே தப்புக் கணக்கு எழுதியவர் என்று யாரையும் கைகாட்ட முடியாது.

கைநோட்டு கேஷ், பேரேடு நினைவகம். சேலத்துக்காரர் டிஎம்ஏ, அதாவது புராசஸரைத் தொந்தரவு செய்யாமல் நினைவகத்தை நேரே படிக்கும், எழுதும் டிஸ்க், நெட்வொர்க் கார்டு வகையறா. கைநோட்டில் உள்ளதைப் பேரேட்டில் ஏற்றுவதும், பழசாகிப்போன வரியை அடித்துவிடுவதும் சேர்ந்து ஃப்ளஷ். உவமை இதற்கு மேல் தாங்காது. கேஷுக்குள் சந்தேகம் வந்தால் திரும்பக் கேட்கும் மேஸ்திரி கிடையாது.

கேஷ் பிறந்தபோது இந்தத் தொல்லைகள் எதுவும் மென்பொருளின் தலையில் விழவில்லை. 1965இல் கேம்பிரிட்ஜின் மாரிஸ் வில்க்ஸ் இரண்டே பக்கக் கட்டுரை ஒன்றில் யோசனையை எழுதினார். பெரிய மெதுவான நினைவகத்துக்கு முன்னால் சிறிய வேகமான நினைவகம் ஒன்றை வைத்து, அண்மையில் தொட்டதை அதில் தானாகவே தங்கவைப்பது. 1968இல் ஐபிஎம் 360 வரிசையின் மாடல் 85 அதை விலைக்கு விற்கும் மெஷினில் கொண்டுவந்தது. 1970களின் முதல் பாதியில் சென்னை ஐஐடிக்கு வந்த ஐபிஎம் 370/155இலும் 8 கிலோபைட் கேஷ் இருந்தது. பஞ்ச் கார்டு கட்டைக் கவுண்டரில் கொடுத்துவிட்டு மறுநாள் பிரிண்ட்அவுட்டுக்குக் காத்திருந்த மாணவருக்கு அப்படி ஒன்று உள்ளே இருப்பது தெரியவேண்டிய அவசியமே இல்லை. புராசஸர் எழுதும்போதே நினைவகத்திலும் எழுதிவிடும். வெளிக்கருவி நினைவகத்தில் எதையாவது மாற்றினால், கேஷில் உள்ள பழைய பிரதியை மெஷினே செல்லாததாக்கிவிடும். மென்பொருளுக்குத் தெரியாமல் இருப்பதுதான் கேஷின் லட்சணம் என்று எல்லாரும் நினைத்த காலம்.

புராசஸர்கள் பல ஆகி, ஆளுக்கொரு கேஷ் என்று வந்தபோதும் ஹார்ட்வேர்க்காரர்கள் பொறுப்பைக் கைவிடவில்லை. ஒரு புராசஸர் எழுதியதை மற்றவற்றின் கேஷுக்கு எப்படித் தெரியப்படுத்துவது என்பதற்கு இன்றும் பாடப் புத்தகத்தில் முதலில் சொல்லித்தரும் நெறிமுறை மெசி. 1984இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் பாப்பமார்கோஸும் ஜனக் படேலும் எழுதிய கட்டுரையில் வந்தது. ஜனக் படேல் சென்னை ஐஐடியில் பி.டெக். படித்தவர். அந்த நெறிமுறையின்படி கேஷ்கள் தமக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளும். மென்பொருளை எழுப்பவேண்டியதில்லை.

பிறகு ஏன் கெர்னலின் தலையில் விழுந்தது? ஒரு சில நானோசெகண்டு மிச்சம் பிடிக்கப் போய்த்தான்.

நிரல் ஒன்று பயன்படுத்தும் முகவரி மெய்நிகர் முகவரி. நினைவகத்தில் உண்மையில் எங்கே என்பதை அட்டவணை பார்த்து மாற்றித் தரவேண்டும். இந்த மாற்றத்தை விரைவாகச் செய்ய டிஎல்பி என்று ஒரு சிறு அட்டவணை புராசஸருக்குள்ளேயே இருக்கிறது. என்றாலும் முதலில் டிஎல்பி, பிறகு கேஷ் என்று வரிசையில் போனால் ஒவ்வொரு படிப்பிலும் கொஞ்சம் காலதாமதம். முகவரி மாற்றத்துக்குக் காத்திருக்காமல் மெய்நிகர் முகவரியை வைத்தே கேஷில் தேடிவிட்டால் என்ன? வேகம் கிடைக்கும். கூடவே, ஒரே உண்மைப் பக்கத்துக்கு இரண்டு மெய்நிகர் பெயர் இருந்தால் கேஷில் அது இரண்டு இடத்தில் உட்காரும் அபாயமும் வரும். மேல்காடும் பாறைக்காடும்.

சன் நிறுவனத்தின் 1986ஆம் வருடத்து சன்-3/200 வரிசை 64 கிலோபைட் அளவில் இப்படியொரு கேஷை வைத்து வந்தது. அதன்மேல் யூனிக்ஸை ஓட்ட என்னென்ன செய்யவேண்டியிருந்தது என்று சன்னின் ரே செங் 1987இல் ஒரு கட்டுரையே எழுதினார். எச்பி நிறுவனத்தின் பிஏ-ரிஸ்க் மெஷின்களும் இதே வழியில் போயின. 1992இல் வீலரும் பெர்ஷாடும் மாக் கெர்னலை வைத்துச் செய்த ஆய்வு, தேவையில்லாத ஃப்ளஷ்களை எப்படித் தள்ளிப்போடலாம் என்பதைப் பற்றியது. ஆக, நம் கதாநாயகனான பிட் பிறப்பதற்கு முன்பே தள்ளிப்போடும் யோசனை காற்றில் இருந்தது.

லினக்ஸுக்கு இது எதுவும் தெரியாது. 1991இல் லினஸ் டார்வால்ட்ஸ் தொடங்கியது இன்டெல் 386இல். அந்த வம்சத்தில் உண்மை முகவரிதான் கேஷுக்கு ஆதாரம். டிஎம்ஏ நினைவகத்தைத் தொட்டால் கேஷ் தானே கவனித்துக்கொள்ளும். அந்த வசதியில் வளர்ந்த கெர்னலில் ஃப்ளஷ் என்ற சொல்லுக்கே வேலை இருக்கவில்லை. இதற்குப் பிற்காலத்தில் இன்டெல் கொடுத்த விலை வேடிக்கையானது. கேஷைச் சம அளவுப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு வழி என்பார்கள்; ஒரு முகவரிக்கு ஒவ்வொரு வழியிலும் ஓர் இடம் உண்டு. ஒரு வழி 4 கிலோபைட் பக்கத்தைத் தாண்டாமல் இருந்தால் இரட்டைப் பெயர்ச் சிக்கல் வராது. அதனால் கேஷைப் பெரிதாக்க வேண்டுமென்றால் வழிகளைத்தான் கூட்டவேண்டும். 2006இல் வந்த கோர் வரிசையிலிருந்து வெகுகாலம் இன்டெலின் முதல்நிலை டேட்டா கேஷ் எட்டு வழி, 32 கிலோபைட் என்றே நின்றது. எட்டு நாலு முப்பத்திரண்டு. பிறகு 48 ஆனபோது வழியும் பன்னிரண்டு ஆனது.

1990களின் நடுவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் மில்லர் லினக்ஸை சன்னின் ஸ்பார்க் மெஷின்களுக்குக் கொண்டுபோனார். அங்கே போனதும் இதுவரை நிம்மதியாக ஓடிய கெர்னலில் கணக்கு உதைத்தது. ஸ்பார்க் மெஷின்களின் கேஷ் ஒவ்வொன்றும் ஒரு தினுசு. பக்க அட்டவணையில் ஒரு வரியை மாற்றுவதற்கு முன் கேஷைக் கவனிக்கவேண்டிய மெஷின், மாற்றிய பின் கவனிக்கலாம் என்கிற மெஷின், இரண்டுமே வேண்டாம் என்கிற மெஷின். மில்லர் தன் ஊருக்கு மட்டும் ஒட்டுப் போடாமல், எல்லா ஊருக்கும் பொதுவான கொக்கிகளைக் கெர்னலின் நடுவிலேயே மாட்டினார். ஒரு பிராசஸின், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலின், முகவரிப் பரப்பு முழுதும் மாறும்போது ஒன்று, ஒரு பகுதி மாறும்போது ஒன்று, ஒற்றைப் பக்கம் மாறும்போது ஒன்று. விதிகளை ஓர் ஆவணமாகவும் எழுதிவைத்தார். கெர்னலோடு வரும் அந்த ஆவணத்தில் அவர் பெயர் இன்றும் இருக்கிறது.

அந்த ஆவணத்தின் முதல் விதி வரிசை பற்றியது. முதலில் கேஷ் ஃப்ளஷ், பிறகு பக்க அட்டவணையில் மாற்றம், கடைசியில் டிஎல்பி ஃப்ளஷ். ஏன் கேஷ் முதலில்? ராஸ் டெக்னாலஜி என்ற நிறுவனத்தின் ஹைபர்ஸ்பார்க் புராசஸரில் ஒரு முகவரியைக் கேஷிலிருந்து துடைக்க, அந்த முகவரிக்கு அட்டவணையில் செல்லுபடியாகும் வரி அப்போது இருந்தாகவேண்டும். அட்டவணையை முதலில் கலைத்துவிட்டால் துடைக்கவும் வழியில்லை. இன்று அருங்காட்சியகத்தில் தேடவேண்டிய ஒரு சிப்பின் பிடிவாதம் உலகத்து லினக்ஸ் மெஷின்கள் எல்லாவற்றிலும் வரிசையாக நிலைத்துவிட்டது.

இந்தக் கொக்கிகளில் ஒரு சமூகச் சிக்கல் ஒளிந்திருந்தது. எனக்கு இந்தக் கதையில் சுவாரசியமே அதுதான். இன்டெல் மெஷினில் இந்த அழைப்புகள் எல்லாம் காலி. கம்பைல் ஆனதும் காணாமல் போய்விடும். டிரைவர் எழுதுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் மேசையில் இன்டெல்தான். தன் மெஷினில் ஒன்றுமே செய்யாத, மறந்தாலும் ஒன்றும் கெடாத ஒரு வரியை, பார்த்தே இராத மெஷினுக்காக யார் ஞாபகமாக எழுதுவார்கள்? கேட்டால் எழுதுவார்கள், அன்று மட்டும்.

இனி நம் பிட். கெர்னல் ஒரு கோப்பைப் படிக்கும்போது அதை நினைவகத்தில் ஒரு பக்கத்தில் வைக்கிறது. அந்தப் பக்கத்துக்குக் கெர்னலுக்குள் ஒரு மெய்நிகர் முகவரி. அதே பக்கத்தை ஒரு பிராசஸ் தன் பரப்புக்குள் மேப் செய்துகொண்டால் அங்கே வேறொரு முகவரி. 1995இல் வந்த அல்ட்ராஸ்பார்க்கில் முதல்நிலை டேட்டா கேஷ் 16 கிலோபைட், ஒரே வழி; பக்கம் 8 கிலோபைட். ஆகவே ஒரு பக்கம் கேஷின் முன்பாதியில் உட்காரலாம், பின்பாதியிலும் உட்காரலாம். எது என்று தீர்மானிப்பது மெய்நிகர் முகவரி. கெர்னலின் பெயர் முன்பாதிக்கும் பிராசஸின் பெயர் பின்பாதிக்கும் போனால், கெர்னல் புதிதாக எழுதியது பிராசஸுக்குத் தெரியாமல், பின்பாதியில் கிடக்கும் பழைய வரியையே அது படித்துக்கொண்டிருக்கும்.

தொடக்கத்தில் இதற்குக் கண்டது முரட்டு வைத்தியம். ஃப்ளஷ்_பேஜ்_டு_ரேம் என்று ஓர் அழைப்பு. கெர்னல் பக்கத்தைத் தொட்டபோதெல்லாம் துடை. சரியாக வேலை செய்தது. ஆனால் பெரும்பாலும் வீண்வேலை. கோப்பைப் படிக்கும் நிரல்களில் பலவும் அந்தப் பக்கத்தை மேப் செய்வதே இல்லை. ரீட் என்று கேட்டால் கெர்னல் தன் பக்கத்திலிருந்து நகல் எடுத்துக் கொடுத்துவிடும். அங்கே இரண்டாவது பெயரே கிடையாது. இரண்டாவது பெயர் இல்லாத பக்கத்தை எதற்குத் துடைக்கவேண்டும்?

அதனால் வந்தது ஃப்ளஷ்_டிகேஷ்_பேஜ். பெயரில் ஃப்ளஷ் இருந்தாலும் அது பல சமயம் ஃப்ளஷ் செய்யாது. பக்கத்தை எந்த பிராசஸும் மேப் செய்யவில்லை என்றால் பிஜி_ஆர்ச்_1 பிட்டை 1 ஆக்கிவிட்டுத் திரும்பிவிடும்: இது அழுக்கு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பின்னால் என்றைக்காவது ஒரு பிராசஸ் அந்தப் பக்கத்தைக் கேட்டு, கெர்னல் அதன் அட்டவணையில் வரி போடும் அந்தக் கணத்தில், இன்னோர் அழைப்பு பிட்டைப் பார்க்கும். 1 என்றால் அப்போது துடைத்துவிட்டு 0 ஆக்கும். யாருமே கேட்காமல் பக்கம் காலாவதியாகிப் போனால் துடைக்கும் வேலை முழுதும் மிச்சம். 2001 ஜனவரியில் வெளிவந்த 2.4 கெர்னலில் இந்த ஏற்பாடு இருந்தது. பழைய முரட்டு அழைப்பு ஒதுக்கப்பட்டு, பிறகு கெர்னலிலிருந்தே நீக்கப்பட்டது.

தள்ளிப்போடுவதிலும் ஒரு முடிச்சு. பல புராசஸர் உள்ள மெஷினில், அழுக்கு எந்த புராசஸரின் கேஷில் இருக்கிறதோ அங்கே போய்த்தான் துடைக்கவேண்டும். எழுதியது ஒன்று, பின்னால் மேப் செய்வது வேறொன்று என்றால்? அதனால் 64-பிட் ஸ்பார்க் கோடு, பக்கக் குறிப்பின் மேல்பகுதியில் காலியாக இருந்த பிட்டுகளில் எழுதிய புராசஸரின் எண்ணையும் குறித்துவைத்தது. கேட்டால் சின்ன விஷயம். இதை விட்டிருந்தால் மாதத்துக்கு ஒருமுறை எங்கோ ஒரு சர்வரில் ஒரு கோப்பு கெட்டிருக்கும். காரணம் யாருக்கும் பிடிபட்டிருக்காது.

ஸ்பார்க்கில் இரண்டு பாதிச் சிக்கல் என்றால், கேஷின் கொடுமையை முழுதாக அனுபவித்தது ஏஆர்எம் புராசஸர் குடும்பம். நம் நாட்டு உதாரணமே இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து 2001இல் அறிமுகம் செய்த சிம்ப்யூட்டர், லினக்ஸில் ஓடும் கையடக்கக் கணினி. அதன் புராசஸர் இன்டெலின் ஸ்ட்ராங்ஆர்ம் எஸ்ஏ-1110. 16 கிலோபைட் கட்டளைக் கேஷ், 8 கிலோபைட் டேட்டா கேஷ். தேடுவதும் அடையாளம் பார்ப்பதும் இரண்டுமே மெய்நிகர் முகவரியால். இரண்டு பிராசஸ்கள் ஒரே முகவரியை வேறு வேறு பொருளுக்கு வைத்திருப்பது சகஜம். அதனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போதெல்லாம் லினக்ஸ் அங்கே கேஷ் முழுவதையும் துடைத்தது. ஸ்மார்ட்போன் யுகத்துக்கு முந்தைய அந்தக் கருவியில் திரையைத் தொட்டால் ஒரு நிரல், எழுத்தைக் காட்ட இன்னொன்று என்று மாறிமாறி ஓடியபோது, திரைக்குப் பின்னால் நடந்தது இது.

துடைக்கும் முறை இன்னும் விசித்திரம். டேட்டா கேஷ் முழுவதையும் நினைவகத்தில் ஏற்று என்று ஒரே கட்டளை அந்த புராசஸரில் கிடையாது. என்ன செய்வது? வேண்டாத ஓர் இடத்திலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டே போனால், புதியது உள்ளே வர இடம் தேடிப் பழையது வெளியே தள்ளப்படும். தள்ளப்படும்போது நினைவகத்தில் ஏறிவிடும். இதற்கென்றே அந்த சிப்பின் முகவரிப் பரப்பில் ஒரு பகுதியை ஒதுக்கியிருந்தார்கள். எங்கே படித்தாலும் பூஜ்யம்தான் வரும், வெளி நினைவகத்தைத் தொடவும் தொடாது. ஒன்றுமில்லாததைப் படிப்பதற்காக ஒதுக்கிய நிலம். பொறியியலில் இப்படிப்பட்ட நேர்மையான அசிங்கம் அபூர்வம்.

அடுத்து பிட் தலைகீழான கதை. பிற்கால ஏஆர்எம் புராசஸர்களில் இந்தத் தொல்லை குறைந்தது, போகவில்லை. டேட்டா கேஷும் கட்டளைக் கேஷும் தனித்தனி; ஒன்று மற்றதைக் கவனிக்காது. ஒரு நிரலை டிஸ்க்கிலிருந்து ஏற்றும்போது டிஎம்ஏ ஏற்றினால் அது நேரே நினைவகத்துக்குப் போகும். ஆனால் சில டிரைவர்கள், முக்கியமாக யுஎஸ்பி டிரைவர்கள் சில, புராசஸரைக் கொண்டே பைட் பைட்டாக நகலெடுக்கும். அப்போது நிரலின் கட்டளைகள் டேட்டா கேஷில் தங்கிவிடும். கட்டளைக் கேஷ் நினைவகத்தைப் போய்ப் பார்த்தால் அங்கே பழைய குப்பை. நிரல் தொடங்கிய கணத்தில் விழும். டிரைவர் எழுதியவர் ஃப்ளஷ்_டிகேஷ்_பேஜை அழைத்திருக்கவேண்டும். அழைக்கவில்லை. அவர் மெஷினில் அது காலி.

ஒவ்வொரு டிரைவராகத் தேடிப்பிடித்துத் திருத்துவது ஒரு வழி. கேம்பிரிட்ஜிலுள்ள ஏஆர்எம் நிறுவனத்தின் கேட்டலின் மரினாஸ் 2010இல் வேறு வழி எடுத்தார். கெர்னல் ஒரு புதுப் பக்கத்தை எடுக்கும்போது குறிப்பிலுள்ள பிட்டுகள் பூஜ்யமாக இருக்கும். மில்லரின் ஏற்பாட்டில் பூஜ்யம் என்றால் சுத்தம். அழுக்கு என்று யாராவது வந்து சொல்லவேண்டும். சொல்ல மறந்தால் அழுக்குப் பக்கம் சுத்தமானதாக நடமாடும். மரினாஸ் அர்த்தத்தைப் புரட்டினார். இனி 1 என்றால் சுத்தம், 0 என்றால் இன்னும் துடைக்கவில்லை. பிட்டின் பெயர் டிகேஷ்_டர்ட்டி என்பதிலிருந்து டிகேஷ்_க்ளீன் ஆனது. இப்போது யாரும் எதுவும் சொல்லாவிட்டால் பக்கம் அழுக்கு என்றே கொள்ளப்பட்டு, முதன்முதலில் மேப் ஆகும்போது துடைக்கப்படும். மறதிக்கு விலை சில மைக்ரோசெகண்டு; நிரல் விழாது. பவர்பிசி, இட்டானியம் புராசஸர் குடும்பங்கள் இதே அர்த்தத்தைத்தான் முன்பே வைத்திருந்தன என்பதையும் சொல்லவேண்டும். மில்லரின் ஏற்பாட்டில் கணக்குத் தப்பில்லை. எல்லாரும் தன்னைப்போலவே கவனமாக இருப்பார்கள் என்று நம்பியதுதான் பிழை.

மில்லர் வைத்த கொக்கிகள் எல்லாம் காலியாகக் கிடந்த இன்டெல் பக்கத்துக்கும் 2018இல் வேலை வந்தது, வேறு காரணத்துக்காக. மெல்ட்டவுன், ஃபோர்ஷேடோ தாக்குதல்கள் முதல்நிலைக் கேஷில் மிச்சமிருக்கும் அடுத்தவர் ரகசியத்தை உருவமுடியும் என்று காட்டின. அமேசானில் இருந்த பால்பீர் சிங், விரும்பிக் கேட்கும் நிரல் மாறும்போது மட்டும் அந்தக் கேஷைத் துடைக்க ஒரு ஏற்பாடு எழுதினார். 2020இல் லினஸ் அதைக் கடுமையாகத் திட்டித் திருப்பி அனுப்பினார். திருத்தங்களுக்குப் பின் 2021இல் 5.15 கெர்னலில் ஏறியது. அதில் நம் பிட்டுக்குப் பங்கில்லை.

நம் பிட் போனது ரிஸ்க்-ஃபைவுக்கு. பெர்க்லியில் 2010இல் தொடங்கிய, யாரும் உரிமைத்தொகை கட்டாமல் பயன்படுத்தக்கூடிய கட்டளைத் தொகுப்பு அது. 2018 ஜனவரியில் 4.15 கெர்னலில் லினக்ஸ் அதை ஏற்றது. அதே வருடம் சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி தலைமையிலான சக்தி குழு வடிவமைத்து, இன்டெலின் 22 நானோமீட்டர் ஆலையில் அச்சான சிப்புகளில் லினக்ஸ் பூட் ஆனது. பின்னால் சண்டிகரை அடுத்த மொஹாலியில் உள்ள செமிகண்டக்டர் ஆலையில் 180 நானோமீட்டரில் சக்தி சிப்புகள் செய்யப்பட்டன. 2020இல் மௌஷிக் வந்தது. வடிவமைப்பு, தயாரிப்பு இரண்டும் இந்தியாவிலேயே என்று செய்தித்தாள்கள் எழுதின. நியாயமான பெருமை. உள்ளே ஓடும் கெர்னல் கோடு பல நாட்டுச் சரக்கு என்பதையும் சேர்த்துப் பெருமைப்படலாம்.

ரிஸ்க்-ஃபைவில் டேட்டா கேஷில் எழுதியது கட்டளைக் கேஷுக்குத் தானாகத் தெரியவேண்டும் என்று விதி இல்லை. எழுதி முடித்தபின் ஃபென்ஸ்-ஐ என்ற கட்டளையைப் போட்டால்தான் அதற்குப் பின் எடுக்கும் கட்டளைகள் புதியவையாக இருக்கும் என்று உத்தரவாதம். அதுவும் போட்ட கோருக்கு மட்டும். மற்ற கோர்களுக்கு ஆள் அனுப்பிச் சொல்லவேண்டும். விலை கூடிய சமாசாரம் என்பதால், ஒரு பக்கத்தை மேப் செய்யும்போது கெர்னல் முதலில் அதன் குறிப்பில் ஒரு பிட்டைப் பார்க்கிறது. பெயர் டிகேஷ்_க்ளீன். ஆதாரம் பிஜி_ஆர்ச்_1. பொருள், மரினாஸ் புரட்டிவைத்த அதே பொருள்: 0 என்றால் நம்பாதே.

டிஎம்ஏ விஷயத்தில் ரிஸ்க்-ஃபைவ் இன்னும் பின்தங்கியிருந்தது. கேஷின் ஒரு வரியை நினைவகத்தில் ஏற்று, அல்லது செல்லாததாக்கு என்று சொல்லும் கட்டளைகளே அடிப்படைத் தொகுப்பில் இல்லை. சிப் செய்கிறவர்கள் ஆளுக்கொரு சொந்த வழி வைத்துக்கொண்டார்கள். சிக்பாம் என்ற பொதுக் கட்டளைத் தொகுப்பு வந்தபின் 2022இல் 6.0 கெர்னல் அதைப் பயன்படுத்தத் தொடங்கியது. வில்க்ஸ் எழுதி ஐம்பத்தேழு வருடம் கழித்து.

அண்மைய மாற்றம் அளவைப் பற்றியது. மேத்யூ வில்காக்ஸ் கெர்னலுக்குள் ஃபோலியோ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். அடுத்தடுத்த பல பக்கங்களைக் கட்டாகச் சேர்த்து, குறிப்பையும் கட்டுக்கு ஒன்றாக வைப்பது. 2022 ஜனவரியில் 5.16இல் நுழைந்தது, 2023இல் 6.6 கெர்னலில் பல பக்கங்களுக்கான அட்டவணை வரிகளை ஒரே அழைப்பில் போடும் வசதியும் வந்தது. அதோடு பல புராசஸர் குடும்பங்களில் நம் பிட்டும் பக்கத்துக்கு ஒன்று என்பதிலிருந்து ஃபோலியோவுக்கு ஒன்று என்று மாறியது.

முகவரி முகவரியாகத் துடைக்கவேண்டிய மெஷின்களில் இதற்கு விலை உண்டு. 64 கிலோபைட் ஃபோலியோவில் 4 கிலோபைட்டை மட்டும் தொட்டிருந்தாலும் பிட் மொத்தத்தையும் அழுக்கு என்றே சொல்லும், மொத்தத்தையும் துடைக்கவேண்டும். ஃபென்ஸ்-ஐ கட்டளையிலோ முகவரி சொல்வதற்கே இடமில்லை. ஒரு பக்கத்துக்காகப் போட்டாலும் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் வேலை செய்யும். அதனால் ரிஸ்க்-ஃபைவுக்கு இந்த மாற்றத்தில் லாபம்தான். பதினாறு பக்கங்களுக்கு பதினாறு தடவை பிட்டைப் பார்த்து பதினாறு ஃபென்ஸ் போடும் வாய்ப்பிருந்த இடத்தில் இப்போது ஒரே தடவை பார்த்து ஒன்று போட்டால் போதும்.